கட்டுரையின் முதல் வாக்கியம்

கட்டுரை எழுதப் புகும் மாணவரைக் கலங்கச் செய்வது பெரும்பாலும் முதல் வாக்கியமே. கிளிநொச்சி மாவட்டத்துப் பூநகரிப் பிரிவிலுள்ள ஜெயபுரத்திலே, மாணவி ஒருத்திக்கு ‘எங்கள் ஊர்’ என்னும் தலைப்புக் கொடுக்கப்படுகின்றது என்று கொள்வோம். “இந்து சமுத்திரத்தின் முத்தென விளங்கும் இலங்கையிலே” என்று மனனஞ் செய்த வாக்கியம் உடனே பேனா நுனிக்கு வந்துவிடும். அது பிழையன்று, ஆயினும் எவ்வூருக்கும் பொருந்துவதால், எவ்வூரையும் காட்டாது.

ஆதலின், முதலிலே தான் கண்டவற்றையும் வீட்டு முதியோரிடம் கேட்டவற்றையும் அவள் சிறு குறிப்புகளாக எழுதிக்கொள்ளல் வேண்டும். 2008இல் போரினால் ஊரைவிட்டுப் பெயர்ந்து, பின்னர் மீண்டு வந்தோர் கூறுவன பல உண்டு. அவற்றுள் தன் ஊருக்கே உரிய ஒன்றைத் தெரிந்தெடுத்து, “பற்றைக்குள்ளே அம்மம்மா எங்கள் கிணற்றைத் தேடிக் கண்டுபிடித்தார்” என்று தொடங்கலாம். ஏன் தேட நேர்ந்தது என்று வாசிப்பவர் வினவுவார். அவ்வினாவுக்கு விடை கூறுவதே கட்டுரையின் உடலாகும்.

தொடக்கம் தோன்றாவிடின், இரண்டு வரி இடம் விட்டு, நடுவிலிருந்து எழுதலாம். முன்னுரையை இறுதியிலே எழுதினாலும் குற்றமில்லை. நடை எளிதாயிற்றே என்று அஞ்சவும் வேண்டா. 19ஆம் நூற்றாண்டிலே ஆறுமுக நாவலர் சிறுவர்க்கெனப் பாலபாடங்களைத் தெளிந்த வசனத்திலேயே எழுதினார்.

முத்தென விளங்கும் தீவை எவரும் எழுதுவர். அக்கிணற்றை அவள் எழுதாவிடின், வேறு யார் எழுதுவார்?