காலுக்கேற்ற ரப்பர் பூட்ஸ்

செருப்புக்குத் தக்கபடி காலைத் தறிப்பார் உண்டோ என்று நம் நாட்டில் ஒரு பழமொழி வழங்குகிறது. கேட்டுச் சிரித்துவிட்டு மறந்துவிடக்கூடிய வார்த்தையாக அது தோன்றலாம். ஆனால், மழையிலும் சேற்றிலும் உழைக்கிறவர்களுக்கு அது சிரிப்புக்குரிய செய்தி அன்று. பொருந்தாத காலணியை அணிந்தால் நாள் முழுவதும் புண்பட்ட காலுடன் நடக்க வேண்டும். அதைக் கழற்றி எறிந்தாலோ, ஈரத்திலும் முள்ளிலும் வெறுங்காலுடன் நடக்க வேண்டும். இவ்விரு துன்பங்களுக்கும் ஆளாகாமல், நீர் புகாத ரப்பர் பூட்ஸைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதைப் பற்றி இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன். நம் நாட்டில் ‘கம் பூட்ஸ்’ என்று பலரும் வழங்குவது இதைத்தான்.

இதன் வரலாறு சுவையானது. தென் அமெரிக்கப் பழங்குடி மக்கள் ரப்பர் மரத்தின் பாலைக்கொண்டு நீர் புகாத காலணி செய்யக் கற்றிருந்தார்கள். 1820-க்குப் பின்னர் அத்தகைய காலணிகள் பிரேசில் நாட்டிலிருந்து கப்பலேறி, அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தில் வந்து இறங்கின. மக்கள் ஆவலுடன் வாங்கினார்கள். ஆனால், கோடையில் அவை இளகி ஒட்டிக்கொண்டன. குளிர்காலத்தில் விறைத்து வெடித்தன. 1839-ஆம் ஆண்டில் சார்லஸ் குட்இயர் என்பவர், ரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் இக்குறை நீங்கும் என்று கண்டறிந்தார். ரப்பரில் உள்ள நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் கந்தக அணுக்கள் ஆங்காங்கே பாலமிட்டுப் பிணைக்கின்றன. அதனால் ரப்பர் வெயிலில் இளகுவதில்லை. குளிரில் எளிதில் வெடிப்பதும் இல்லை. வளைத்துவிட்டால் மீண்டும் பழைய வடிவத்தை அடைகிறது. ரசாயன வகுப்பில் நீங்கள் படிக்கும் ஒரு வினை, உழவனின் காலுக்குக் கவசமாயிற்று. 1853-இல் ஹைரம் ஹட்சின்சன் என்ற அமெரிக்கர் பிரான்ஸ் நாட்டில் ரப்பர் பூட்ஸ் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். மரக்கட்டைக் காலணியுடன் வயலில் உழன்றுகொண்டிருந்த அந்நாட்டு உழவர்கள், அதன் பின்னர் ஈரம் படாத காலுடன் வீடு திரும்பத் தொடங்கினார்கள்.

நீர் புகாத பொருள் கிடைத்துவிட்டது. அத்துடன் எல்லாத் தொல்லையும் தீர்ந்ததா என்றால், இல்லை. காலை நனைக்கும் நீர் இரண்டு வகைப்படும். ஒன்று வெளியிலிருந்து வருவது. மற்றொன்று உள்ளிருந்தே ஊறுவது. நம் பாதத்தில் வியர்வைச் சுரப்பிகள் மிகுதி. வெளிநீரை உள்ளே விடாத ரப்பர், உள்ளே ஊறும் வியர்வையையும் வெளியே விடாது. எல்லைக் காவலன் பகைவனைத் தடுக்கும்போது, உள்ளே இருப்பவரையும் பூட்டிவைத்துவிடுவது போன்றது இது. இந்த உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால், நல்ல பூட்ஸைத் தேர்ந்தெடுக்கும் கலையில் பாதி கைவந்துவிட்டது எனலாம்.

முதல் உலகப் போர் இதற்குச் சான்று. 1914-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் பதுங்குகுழிகளில் நின்ற வீரர்களின் பாதங்கள் குளிர்ந்த நீரிலேயே ஊறிக் கிடந்தன. இரத்த ஓட்டம் குன்றி, பாதம் மரத்து, வீங்கி, அழுகியது. பிரிட்டிஷ் படையில் மட்டும் அந்தக் குளிர்காலத்தில் ஏறத்தாழ 20,000 வீரர்கள் இந்நோய்க்குச் சிகிச்சை பெற்றனர். எடின்பரோ நகரத்துத் தொழிற்சாலை ஒன்று போர்க்காலத்தில் ஏறத்தாழ 12 லட்சம் ஜோடி ரப்பர் பூட்ஸ் செய்து கொடுத்தது. எனினும் பூட்ஸ் மட்டும் போதவில்லை. காலுறையை நாள்தோறும் மாற்ற வேண்டும். பாதத்தைத் துடைத்துத் தேய்க்க வேண்டும். இறுக்கமான காலணியைத் தவிர்க்க வேண்டும் என்று படைத்தலைவர்கள் கட்டளையிட்டு நடைமுறைப்படுத்திய பின்னரே நோய் தணிந்தது.

இதே பாடத்தை வேறொரு வகையில் கற்றுத் தந்தது அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள மேய்ன் மாநிலம். காடும் ஏரியும் சதுப்பு நிலமும் நிறைந்த நாடு அது. இலையுதிர் காலத்தில் அங்கே மான் வேட்டைக்கு அனுமதி உண்டு. வேட்டைக்காரர் விடியுமுன் புறப்பட்டு, நனைந்த புல்லிலும் ஓடையிலும் நடந்து, பின்னர் அசையாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். நடக்கும்போது வியர்க்கும் கால், உட்காரும்போது குளிர்ந்துவிடும். லியான் லியான்வுட் பீன் என்பவர் 1911-இல் இவ்வாறு நனைந்து குளிர்ந்த காலுடன் வேட்டையிலிருந்து திரும்பினார். முழுத் தோலாயின் நனைகிறது. முழு ரப்பராயின் கனக்கிறது, வியர்க்கிறது. ஆகவே, கீழ்ப்பகுதி ரப்பராகவும் மேற்பகுதி தோலாகவும் இருக்கட்டும் என்று எண்ணி, 1912-இல் அத்தகைய பூட்ஸைத் தபால் மூலம் விற்றார். முதலில் விற்ற 100 ஜோடிகளில் 90 ஜோடிகள் திரும்பி வந்தன! தோலும் ரப்பரும் சேரும் இடத்தில் தையல் விட்டுப்போயிற்று. அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, கடன் வாங்கி, அடிப்பகுதியைத் திருத்திச் செய்தார். பூட்ஸின் வலிமை அதன் இணைப்பில் இருக்கிறது என்பதை இந்நிகழ்ச்சி நமக்குக் காட்டுகிறது. கடையில் பூட்ஸை வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காதீர்கள். இணைப்பையும், பாதம் மடங்கும் இடத்தையும் வளைத்துப் பாருங்கள்.

அந்த மேய்ன் மாநிலத்தில் நான் சில காலம் தங்கியிருந்தேன். அங்கே பால்பண்ணை வீடுகளின் பின்வாசலில் ரப்பர் பூட்ஸ்கள் வரிசையாக நிற்கும். முதியவரான பண்ணைக்காரர் ஒருவர் எனக்கு பூட்ஸ் வாங்கித் தரக் கடைக்கு அழைத்துச் சென்றார். அவர் செய்த சோதனைகளை இன்றும் நினைவில் வைத்திருக்கிறேன்.

மாலையில்தான் கடைக்குப் போக வேண்டும் என்றார். நாள் முழுவதும் நின்று நடந்த பாதம் மாலையில் சற்றுப் பருத்திருக்கும். காலையில் பொருந்திய பூட்ஸ் மாலையில் கடிக்கும். வேலையின்போது எந்தக் காலுறையை அணிவோமோ, அதையே அணிந்து சென்று பார்க்க வேண்டும். குளிர் நாட்டில் அது கம்பளிக் காலுறையாகவே இருக்கும். பருத்தி வியர்வையைக் குடித்து ஈரமாகவே தங்கும். கம்பளியோ நனைந்தாலும் ஓரளவு வெம்மை தரும். பூட்ஸை அணிந்தபின், பெருவிரலுக்கு முன்னே ஏறத்தாழ ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். பிறகு கடையின் படிக்கட்டில் என்னை ஏறி இறங்கச் சொன்னார். இறங்கும்போது விரல்கள் முன்னே சென்று இடிக்கக்கூடாது. ஏறும்போது குதிகால் அதிகமாகத் தூக்கிக்கொள்ளக்கூடாது. ரப்பர் பூட்ஸில் இறுக்கிக் கட்டக் கயிறு இல்லை. குதிகால் உள்ளே ஏறி இறங்கி உராய்ந்தால் ஒரு மைல் தூரத்தில் கொப்புளம் தோன்றிவிடும். ஆகவே, நெடுந்தூரம் நடக்கும் வேட்டைக்காரர் கணுக்காலைச் சற்றே பற்றிக்கொள்ளும் அமைப்பை நாடுவர். தொழுவத்துக்கும் வீட்டுக்குமாக நாளைக்குப் பத்து முறை போய்வரும் பண்ணைக்காரருக்கோ, சட்டென்று அணியவும் கழற்றவும் இடம் தரும் அகன்ற வாயே ஏற்றது. வேலைக்கு வேலை நன்மையின் இலக்கணம் மாறுகிறது.

பொருளையும் கவனிக்க வேண்டும். இயற்கை ரப்பர் குளிரிலும் மென்மையாக வளையும். ஆனால் எண்ணெயும் கொழுப்பும் பட்டால் ஊதிக் கெடும். பி.வி.சி. விலை மலிவு, கடுங்குளிரில் விறைக்கும். 1930-இல் கண்டுபிடிக்கப்பட்ட நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பரை நுரைபோலச் செய்து பூட்ஸின் மேற்பகுதியில் அமைப்பார்கள். அதன் நுண்ணறைகளில் சிறைப்பட்ட வாயு குளிரைத் தடுக்கிறது. பனியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது வரம். வெயிலில் உழைப்பவருக்கோ அதுவே சுமை.

அடிப்பாகத்தில் ஆழமும் இடைவெளியும் கொண்ட பள்ளங்கள் வேண்டும். பள்ளங்கள் நெருக்கமாக இருந்தால் சேறு அடைத்துக்கொண்டு வழுக்கும். மண்வெட்டியைக் காலால் அழுத்துபவருக்கும் ஏணி ஏறுபவருக்கும், உள்ளங்கால் வளைவுக்கு நேராக எஃகுத் தகடு பதித்த பூட்ஸ் உதவும். உயரத்தைப் பொறுத்தவரை, நீங்கள் இறங்கப்போகும் நீரின் ஆழத்தைவிட அது கூடுதலாக இருக்க வேண்டும். விளிம்பைத் தாண்டி உள்ளே விழுந்த நீர் தானாக வெளியேறாது.

வாங்கியபின் காப்பதும் ஒரு கடமை. வேலை முடிந்ததும் சேற்றைக் கழுவி, உள்ளட்டையை எடுத்து நிழலில் உலர்த்துங்கள். பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்தால் அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அடுப்பருகிலும் கடும் வெயிலிலும் வைத்தால் ரப்பர் வெடிக்கும். சில நாள் கழித்து இயற்கை ரப்பரின்மேல் வெண்பொடி பூத்தாற்போல் தோன்றினால் அஞ்ச வேண்டாம். உள்ளே கலந்த பொருள்கள் மேலே வந்து படிவதுதான் அது. துடைத்துவிட்டால் போதும்.

இவையெல்லாம் அயல்நாட்டு வேட்டைக்காரர்களுக்குரிய செய்தி, நமக்கு என்ன என்று நீங்கள் கேட்கலாம். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குத் தடை விதித்துவிட்டது. அதில் வருத்தம் இல்லை. ஆனால், வயலும் வரப்பும் தோட்டமும் இருக்கின்றன. 2000 முதல் 2019 வரையுள்ள இருபது ஆண்டுகளில், பாம்புக்கடியால் இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் உயிரிழந்தனர் என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். கடிகளில் பெரும்பாலானவை காலிலும் பாதத்திலும் படுபவை. எலியின் சிறுநீர் கலந்த நீரில் நிற்கும்போது, காலில் உள்ள சிறு கீறல் வழியாகவும் எலிக்காய்ச்சல் புகுகிறது. ஒரு ஜோடி பூட்ஸ் இவ்விரண்டு அபாயங்களையும் வெகுவாகக் குறைக்கும்.

அப்படியிருந்தும் நம் உழவர் அதை ஏன் அணிவதில்லை? அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது, அது நியாயமன்று. வழக்கமான கனத்த பூட்ஸுடன் தொளிச்சேற்றில் இறங்கினால் சேறு அதைக் கவ்வி இழுத்துக்கொள்ளும். கால் மட்டுமே வெளியே வரும். வெயிலோ உள்ளே வேகவைத்துவிடும். ஜப்பானியர் இதைச் சிந்தித்து, நாற்று நடவுக்கென்றே மெல்லிய ரப்பரில், காலோடு ஒட்டி நிற்கும் உயரமான பூட்ஸைச் செய்தார்கள். அங்கே உழவர் பூட்ஸுக்காகத் தம் காலை மாற்றிக்கொள்ளவில்லை. அவர் காலுக்கும் அவர் வயலுக்கும் ஏற்பப் பூட்ஸ் மாறியது.

இளைஞர்களே, வசதி என்பது சுகவாசிகள் தேடும் ஆடம்பரம் என்று எண்ணாதீர்கள். துன்புறுத்தும் பாதுகாப்புக் கருவி திண்ணையில்தான் கிடக்கும்; திண்ணையில் கிடக்கும் பூட்ஸ் எந்தப் பாம்பையும் தடுப்பதில்லை. உங்களுள் நாளை பொறியாளராகவும் ரசாயன அறிஞராகவும் வரப்போகிறவர்கள் இருக்கிறீர்கள். நம் வெயிலுக்கும் நம் தொளிச்சேற்றுக்கும் பொருந்தும், கூலியாள் வாங்கக்கூடிய விலையுள்ள ஒரு பூட்ஸைச் செய்யும் பணியை ஏற்றுக்கொள்ளுங்கள். அதுவரை, உங்கள் வீட்டில் இரவில் வரப்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் எவரேனும் இருந்தால், அவர் காலை அளந்து, நான் சொன்ன சோதனைகளைச் செய்து, ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள். கையில் ஒரு விளக்கையும் கொடுங்கள்.