வீடு போனாலும் கடன் போகாது!

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ராஜபாளையம் பக்கமும் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமும் குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது நம் காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "வீட்டைத்தான் பேங்க்காரங்க ஏலம் விட்டுட்டாங்களே, இனிமே என்ன கடன்?" இப்படி நினைத்து நிம்மதியாக இருந்துவிடுகிறோம். மறுபடியும் நோட்டீஸ் வரும்போதுதான் தலையில் கை வைக்கிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சத்திரப்பட்டியில் தறி ஓட்டும் ஒரு குடும்பம், வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கியது என்று வைத்துக்கொள்வோம். வட்டியோடு பாக்கி 7,20,000 ரூபாய். வீடு ஏலம் போனது 5,50,000 ரூபாய்க்கு. ஏலச் செலவு 30,000 போக வரவு வைப்பது 5,20,000. மிச்சம் 2,00,000 ரூபாய் நம் தலையில்தான் நிற்கும்.

2002ஆம் வருட சர்பாசி சட்டப்படி, வங்கி கோர்ட்டுக்குப் போகாமலே அடமான வீட்டை விற்கலாம். அந்தப் பணம் போதவில்லை என்றால் மீதியைக் கேட்டு வழக்குப் போடவும் அதே சட்டம் இடம் கொடுக்கிறது. ஜாமீன் கையெழுத்துப் போட்டவரும் இதற்குப் பொறுப்பு. "வீட்டுக்காரர் சொன்னாரு, போட்டேன்" என்று சொன்னால் மட்டும் விட்டுவிட மாட்டார்கள். அதேபோல, பாக்கியைவிட அதிகமாக ஏலம் போனால் மீதிப் பணத்தை நமக்குத் திருப்பித் தரவேண்டும். கேட்டு வாங்க வேண்டும்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, நோட்டீசை வாங்காமல் திருப்பி அனுப்பாதீர்கள். ஏலத்துக்கு முன்னால் 60 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் வரும். கணக்கில் தப்பு இருந்தால் எழுதிக் கொடுங்கள். வங்கி 15 நாளுக்குள் பதில் தரவேண்டும். வீட்டைக் கைப்பற்றும் நடவடிக்கை சரியில்லை என்றால், 45 நாளுக்குள் மதுரையில் உள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம்.

இரண்டாவது, கட்டவே முடியாது என்று தெரிந்துவிட்டால் ஏலம் வரை காத்திருக்க வேண்டாம். வங்கியின் எழுத்துப்பூர்வமான சம்மதத்தோடு நாமே ஆள் பார்த்து விற்கலாம். ஏலத்தைவிட நல்ல விலை கிடைக்க வாய்ப்பு உண்டு. விலை பாக்கிக்குப் போதவில்லையா? மீதிக்கு என்ன வழி என்பதைப் பத்திரம் பதியும் முன்பே எழுதி வாங்குங்கள். தள்ளுபடியா, தவணையா என்பது கடிதத்தில் இருக்க வேண்டும். "பாத்துக்கலாம்மா" என்று மேனேஜர் வாயால் சொன்னது போதாது. அவர் மாற்றலாகிப் போனால் யாரிடம் கேட்போம்?

மூன்றாவது, ஏலம் முடிந்துவிட்டால் அசல், வட்டி, ஏலத் தொகை, செலவு என்று தனித்தனியாகக் கணக்கு கேளுங்கள். பிறகு ஒரே தவணைத் தீர்வுக்கு மனு கொடுங்கள். மிச்சக் கடனை அடைக்கக் கந்துவட்டிக்கு மட்டும் போகாதீர்கள்.

நான்காவது, வக்கீல் வைக்கக் காசில்லை என்று பயப்பட வேண்டாம். 1987ஆம் வருடச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். நம் விருதுநகர் மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. அங்கேயே சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். 15100 எண்ணிலும் பேசலாம். மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்க்கலாம். ஆனால் அங்கே முடிவானதற்கு அப்பீல் கிடையாது. அதனால் நம்மால் கட்ட முடிந்த தவணைக்கு மட்டும் சம்மதியுங்கள்.

கடன் தீர்ந்ததும் பாக்கி இல்லை என்ற சான்றிதழை மறக்காமல் வாங்குங்கள். வசூலுக்கு வருகிறவர் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் போட்டு மிரட்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் சொல்லியிருக்கிறது. மீறினால் முதலில் வங்கியில் எழுத்தில் புகார் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. 10 லட்சம் ரூபாய் வரை வங்கி தரும் குழுக் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது. அதற்காக வீட்டுப் பத்திரத்தை எடுத்துக் கொடுக்காதீர்கள்.

வீடு இழந்த சகோதரி வெட்கப்பட்டுக் கூட்டத்துக்கு வராமல் இருந்தால், நாமே அவள் வீட்டுக்குப் போவோம். அந்த நோட்டீசை எடுத்து வரச் சொல்லி, சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.