'போலீஸ் கேஸ்' என்ற பயம் உயிரைக் குடிக்கலாமா?

(பல்லடத்தில் நடைபெற்ற சாலை விபத்து விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பல்லடத்துக்காரர்களுக்கு லாரியைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. கோவை – திருச்சி நெடுஞ்சாலை நம் ஊரின் நடுவே போகிறது. நூல் மூட்டை ஏற்றிய லாரி, பனியன் பெட்டி ஏற்றிய லாரி, கறிக்கோழி வண்டி, காற்றாலை இறக்கையைச் சுமந்து ஊர்ந்து போகும் டிரைலர் எல்லாம் இந்தச் சாலையில்தான் போகின்றன. இவற்றுக்கு இடையில்தான் இரவு ஷிப்ட் முடித்த தறித் தொழிலாளி தூக்கக் கண்ணோடு வீடு திரும்புகிறார். லாரிதான் நமக்குச் சோறு போடுகிறது. ஒருநாள் அதே லாரி வீட்டுப் பிள்ளையையும் பறித்துக்கொண்டு போய்விடுகிறது.

விபத்து ஏன் நடக்கிறது என்று பேச நான் வரவில்லை. நடந்த பிறகு வரும் அந்த முதல் ஒரு மணி நேரத்தில் நீங்களும் நானும் என்ன செய்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

நானும் நின்றேன்

நான் மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த காலம். 108 ஆம்புலன்ஸ் வராத நாட்கள். ஒரு விடியற்காலையில் சாலையோரம் கூட்டம். சைக்கிளில் வந்த இளைஞரை லாரி அடித்துவிட்டுப் போயிருந்தது. சட்டையில் பஞ்சுத் தூசி அப்படியே ஒட்டியிருந்தது, தறியிலிருந்து வந்தவர். தொடையிலிருந்து ரத்தம் போய்க்கொண்டிருந்தது. உயிர் இருந்தது. கண் விழித்து எங்களைப் பார்த்தார்.

சுற்றி நாற்பது பேர். ஒருவரும் தொடவில்லை. "தொடாதீங்க, போலீஸ் கேஸ்" என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் கேட்டுக்கொண்டோம். நானும் நின்றேன், சகோதரர்களே! அரை மணி நேரம் கழித்து ஒரு டெம்போக்காரர்தான் மனம் இரங்கினார். போன முதல் இடத்தில், "இது போலீஸ் கேஸ், பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். வழியிலேயே அவர் இறந்துபோனார்.

அவர் பெயர் என்ன, என்ன மதம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. ஒருவர் இறந்துவிட்டால் குளிப்பாட்டி, கஃபனிட்டு, ஜனாஸாவை எடுத்து அடக்குவதில் நாம் எவ்வளவு வேகம் காட்டுகிறோம்! மையித்துக்குக் காட்டும் வேகத்தை உயிரோடு துடிப்பவருக்கு ஏன் காட்டவில்லை? சிந்தித்துப் பாருங்கள்.

பயம் எங்கிருந்து வந்தது?

இந்தப் பயம் வெறும் கற்பனை அல்ல. உதவி செய்தவரையே ஸ்டேஷனில் உட்கார வைத்ததும், சாட்சி சொல்ல கோர்ட்டுக்கு அலைய விட்டதும் இந்த நாட்டில் நடந்தவைதான். ஆனால் சட்டம் மாறிவிட்டது. மாறிய செய்தி மட்டும் நம் தெருவுக்கு வந்து சேரவில்லை.

ஸ்கூட்டரில் சென்ற ஒருவரை கார் மோதியது. அருகில் இருந்த மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார்கள். "போலீஸ் கேஸ் பார்க்கும் மருத்துவமனை 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது" என்று அனுப்பிவிட்டார்கள். போகும் வழியில் அவர் இறந்தார். பத்திரிகையில் வந்த இந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு பரமானந்த் கட்டாரா என்பவர் உச்சநீதிமன்றம் போனார். 1989 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ, முதலில் உயிரைக் காப்பாற்றுவதே கடமை; போலீஸ் நடைமுறை அதற்குக் குறுக்கே நிற்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அடுத்தது மேற்கு வங்கத்தில் நடந்தது. ஹக்கீம் ஷேக் என்ற விவசாயக் கூலித் தொழிலாளி 1992 ஜூலை 8 அன்று ரயிலிலிருந்து விழுந்தார். தலையில் பலத்த அடி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வசதி இல்லை. கல்கத்தாவின் அரசு மருத்துவமனைகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக இரவெல்லாம் சுமந்து போனார்கள். ஒரு இடத்தில் கட்டில் இல்லை. இன்னொரு இடத்தில் அந்தச் சிகிச்சைக்கு வசதி இல்லை. கடைசியில் தனியார் மருத்துவமனையில் சேர்ந்து, சுமார் 17,000 ரூபாய் செலவழித்து உயிர் பிழைத்தார். அவர் சார்ந்த விவசாயத் தொழிலாளர் சங்கம் விடவில்லை. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. அவசர சிகிச்சை தராமல் இருப்பது அரசியல் சட்டத்தின் 21வது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையை மீறுவது. பணம் இல்லை என்று அரசு தப்பிக்க முடியாது என்று 1996 மே மாதம் தீர்ப்பாகி, 25,000 ரூபாய் இழப்பீடும் கிடைத்தது.

ஒரு கூலித் தொழிலாளியின் வழக்குதான் இன்று உங்களுக்கும் எனக்கும் கேடயமாக நிற்கிறது!

இன்று சட்டம் யார் பக்கம்?

உதவுகிறவருக்குத் தொல்லை தரக்கூடாது என்று மத்திய அரசு 2015-ல் வெளியிட்ட நெறிமுறைகளை, 2016 மார்ச் 30 அன்று உச்சநீதிமன்றம் நாடு முழுவதும் கட்டாயமாக்கியது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு உதவி செய்து, அதில் ஏதும் தவறு நேர்ந்தாலும் உங்கள் மீது சிவில் வழக்கும் கிடையாது, கிரிமினல் வழக்கும் கிடையாது.

பெயர், முகவரி சொல்லும்படி யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. மதம், சாதி, ஆண், பெண் என்ற பாகுபாடு பாராமல் உங்களை மரியாதையாக நடத்த வேண்டும் என்று 2020-ல் வந்த விதி சொல்கிறது. இந்த உரிமைகளை எழுதிய பலகை மருத்துவமனை வாசலில் உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் கேளுங்கள்! கேட்காத உரிமை காகிதத்திலேயே தூங்கும்.

"செலவுக்கு யார் பொறுப்பு?" என்ற பயமும் உண்டு. தமிழக அரசு 2021 டிசம்பர் 18 அன்று 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தொடங்கியது. தமிழக எல்லைக்குள் விபத்தில் சிக்கியவருக்கு, திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை தேவையில்லை. வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. நம் தறிக்கூடங்களிலும் பனியன் கம்பெனிகளிலும் வேலை செய்கிற ஒடிசா, பீகார் பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன். அவர்களுக்கு இங்கே சொந்தம் என்று யார் இருக்கிறார்கள், நம்மைத் தவிர?

டிரைவரை அடிக்காதீர்கள்!

விபத்து நடந்ததும் பாதிக் கூட்டம் லாரி டிரைவரை அடிக்கத்தான் ஓடுகிறது. காயம்பட்டவரை மருத்துவரிடம் சேர்க்கும் கடமையை 134வது பிரிவு டிரைவர் மீதுதான் முதலில் சுமத்துகிறது. ஆனால் கூட்டத்தின் ஆத்திரத்தால் முடியாமல் போனால் அவருக்கு விலக்கு உண்டு என்றும் அதே பிரிவு சொல்கிறது. நம்முடைய அடி, உதவ வேண்டியவரையே ஓட வைக்கிறது. குற்றத்தை விசாரிக்க நாள் இருக்கிறது. ரத்தத்தை நிறுத்த நாள் இல்லை.

செய்ய வேண்டியவை

முதலில் 108. தமிழகத்தில் 2008 செப்டம்பர் முதல் இந்தச் சேவை ஓடுகிறது. இடத்தைச் சரியாகச் சொல்லுங்கள்: எந்த மில், எந்தப் பாலம், எந்தக் கிலோமீட்டர் கல். ஒருவர் பேசட்டும், மற்றொருவர் பின்னால் வரும் வண்டிகளை நிறுத்தட்டும்.

ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள். பனியன் துணிக்கா நம் ஊரில் பஞ்சம்? ஆனால் எண்ணெய் துடைத்த வேஸ்ட் கூடாது. துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். குத்தி நிற்கும் கம்பியைப் பிடுங்காதீர்கள். தண்ணீர், சோடா எதுவும் வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். கழுத்தைத் திருப்பாதீர்கள், கையையும் காலையும் பிடித்து மூட்டை போலத் தூக்காதீர்கள். தண்டுவடம் முறிந்திருந்தால் அந்தத் தூக்கிலேயே கை கால் விளங்காமல் போய்விடும். தீப்பிடிக்கும் ஆபத்து இருந்தால் மட்டும் இடம் மாற்றுங்கள்.

2020 பிப்ரவரி 20 அதிகாலை, இங்கிருந்து தொலைவில்லாத அவிநாசியில், பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் சென்ற கேரள அரசுப் பேருந்து மீது கன்டெய்னர் லாரி மோதியது. 19 பேர் இறந்தார்கள். இருட்டில் இடிபாட்டுக்குள் இருந்தவர்களை வெளியே எடுக்க ஓடி வந்தவர்களில் அந்தப் பகுதி மக்களும் இருந்தார்கள். எந்த மொழி, எந்த மாநிலம் என்று கேட்டுக்கொண்டா ஓடினார்கள்? நம் மாவட்டத்து மக்களுக்கு மனம் இருக்கிறது. பயம்தான் காலைக் கட்டிப் போடுகிறது.

ஆகவே இளைஞர்களே! ஒவ்வொரு மஹல்லாவிலும், ஒவ்வொரு தறிக்கூடத்திலும் மூன்று பேராவது முதலுதவி கற்றுக்கொள்ளுங்கள். ரத்த வகைப் பட்டியலை எழுதி வையுங்கள். 134-ஏ பிரிவை ஒரு அட்டையில் எழுதி டீக்கடையில் தொங்க விடுங்கள்.

நாளை ஒரு விடியற்காலையில் நீங்களும் ஒரு கூட்டத்தைக் காண்பீர்கள். "தொடாதீங்க" என்று அன்றைக்கும் ஒரு குரல் கேட்கும். அன்று நான் நின்றதுபோல் நிற்காதீர்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போய், அந்த மனிதரின் பக்கத்தில் மண்டியிடுங்கள்!