காற்று அடித்த உடலும் வாங் சிங்ரென்னின் கண்களும்



1797ஆம் ஆண்டு. வட சீனத்தின் லுவான்சோ பகுதியில் கொள்ளைநோய் பிள்ளைகளை வாரிக்கொண்டு போனது. ஏழைகள் இறந்த குழந்தைகளைப் பாயில் சுருட்டி, ஆழமில்லாத குழிகளில் புதைத்தார்கள். நாய்கள் தோண்டின. வழிப்போக்கர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிய அந்த இடத்துக்கு, வாங் சிங்ரென் என்ற மருத்துவர் நாள்தோறும் காலையில் போய் நின்றார். சிதைந்த உடல்களின் உள்ளுறுப்புகளைப் பத்து நாட்கள் உற்றுப் பார்த்தார். முப்பது உடல்களுக்கு மேல் இருக்கும். நூலில் படித்ததும் கண்ணில் கண்டதும் ஒத்துப்போகவில்லை. 33 ஆண்டுகள் கழித்து, 1830இல், முன்னோரின் பிழைகளைத் திருத்த ஒரு நூல் வெளியிட்டார். அதன் பெயர் 'யீலின் கைட்சுவோ'. அடுத்த ஆண்டே மறைந்தார்.

பக்கவாதத்துக்குச் சீன மருத்துவர்கள் இன்றும் எழுதித்தரும் 'பூயாங் ஹுவான்வூ' கஷாயம் அந்த நூலில்தான் இருக்கிறது. ஏழு சரக்குகள்: ஹுவாங்ச்சி வேர், டாங்குய் வேரின் நுனி, செம்பியோனி வேர், சுவான்சியோங் கிழங்கு, பீச் கொட்டையின் பருப்பு, குசும்பாப் பூ, உலர்ந்த மண்புழு. அளவைப் பார்த்தால் வியப்பு வரும். பழஞ்சீன எடையளவில் ஹுவாங்ச்சி மட்டும் 40 சியன். மற்ற ஆறும் சேர்ந்தே ஏழரைச் சியன்தான். உடலில் உயிராற்றல் பத்துப் பங்கு என்றும், அதில் ஐந்து பங்கு இழந்தால் ஒரு பக்கம் சாய்கிறது என்றும் வாங் கருதினார். இழந்த ஐந்தை மீட்பது என்பதே கஷாயப் பெயரின் பொருள். இரத்தத் தேக்கத்தைக் கலைக்கும் சரக்குகளைச் சிறிதாகவும் வலுவூட்டும் சரக்கை மலைபோலவும் வைத்ததற்கு இந்தக் கணக்கே காரணம்.

அவருக்கு முன்பிருந்தே நோயின் பெயர் 'சோங்ஃபெங்', அதாவது காற்றின் தாக்கு. தமிழில் 'பக்கவாதம்' என்ற சொல்லிலும் அதே காற்று குடியிருக்கிறது என்பதை, நரம்பியல் மருத்துவர்களும் இயன்முறை மருத்துவர்களும் சீன மருத்துவ வரலாற்று அறிஞர்களும் கூடிய இந்த அவைக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சாங் சோங்சிங் என்ற மருத்துவர், அந்தக் காற்று எவ்வளவு ஆழம் புகுந்தது என்று பார்த்து நோயைத் தரம் பிரித்தார். தோல் மரத்தால் ஒரு நிலை, கைகால் கனத்துத் தூக்க முடியாமல் போனால் இன்னொரு நிலை, ஆளை அடையாளம் தெரியாமல் போனால் அதற்கும் மேல், நாக்கு குழறி எச்சில் வழிந்தால் எல்லாவற்றிலும் கடுமை. காரணம் தவறாக இருக்கலாம். ஆனால் நோயாளியின் அருகே உட்கார்ந்து பார்த்தவர் எழுதியது இது என்பதில் ஐயமில்லை. வாங் சிங்ரென்னும் பிழை செய்தவரே. இறந்த உடலின் தமனிகள் வெறுமையாக இருந்ததைக் கண்டு, அவற்றில் ஓடுவது இரத்தமல்ல, காற்றே என்று முடிவுகட்டினார்.

ஊசியின் கதை நம் காலத்தது. 1972இல் தியான்ஜின் நகரில் ஷி சூமின் என்ற மருத்துவர் 'மூளையை எழுப்பி வாயில்களைத் திறக்கும்' அக்குபங்சர் முறையை வகுத்தார். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் குத்தும் ஊசி, நோயாளியின் கண் கலங்கும்வரை கொத்திக் கொத்தி எடுக்கப்படும். கணுக்காலுக்கு மேலே உள்புறம் குத்தும் ஊசி, கால் மூன்று முறை துடிக்கும்வரை. விளைவை நோயாளியின் உடலிலேயே காணும்படி வகுத்த முறை இது.

விளைவு உண்மைதானா என்ற கேள்விக்கு 2016இல் காக்ரேன் தொகுப்பாய்வு 31 சோதனைகளையும் 2257 நோயாளிகளையும் எடுத்துப் பார்த்தது. அக்குபங்சர், பிறரைச் சார்ந்து வாழ்வதைக் குறைக்கலாம், பயன் இருக்கலாம். ஆனால் சோதனைகளின் தரம் உறுதியாக எதையும் சொல்லவிடவில்லை என்பதே தீர்ப்பு.

மருந்துகள் இதைவிடக் கடுமையான சோதனையைச் சந்தித்துள்ளன. நியூரோஎய்ட் என்ற கூட்டுமருந்தைச் சிங்கப்பூர், மலேசியா, இலங்கை உள்ளிட்ட ஆசிய நாடுகளில் ஏறத்தாழ 1100 பேரிடம் சோதித்தார்கள். 2013இல் வந்த முடிவு: மூன்றாம் மாதத்தில் போலி மருந்தைவிட மேலான பலன் தெரியவில்லை. மூளைக்குள் இரத்தம் கசிந்தவர்களுக்கான 'சோங்ஃபெங் சிங்னாவ்' கஷாயத்தைச் சீனாவின் 26 மருத்துவமனைகளில் 1600க்கும் மேற்பட்டோருக்கு 48 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் கொடுத்தார்கள். 2024இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது. மருந்து பெற்றவர்களும் போலியைப் பெற்றவர்களும் தொண்ணூறாம் நாளில் ஒரே நிலையில் இருந்தார்கள். மாறாக, 'சான்ச்சி' வேரிலிருந்து எடுத்த சப்போனின் காப்ஸ்யூல்களை 3000க்கும் மேற்பட்டோரிடம் பார்த்த 2023ஆம் ஆண்டு ஆய்வில், பிறர் உதவியின்றி வாழ முடிந்தவர்கள் மருந்துக் குழுவில் 89.3 விழுக்காடு, போலிக் குழுவில் 82.4 விழுக்காடு. செலரி விதையில் கண்டெடுத்த பியூட்டைல்ஃப்தாலைடும் அதே ஆண்டில் 1216 பேரிடம் நல்ல பலன் காட்டியது.

2024ஆம் ஆண்டின் தோல்வியைத் தாராளமாகப் பாராட்டலாம். தம் மரபின் கஷாயத்தை, போலியோடு போட்டியிட விட்டு, தோற்றதையும் உலகமறிய அச்சிட்டவர்கள், புதைகுழி தேடிப் போன வாங் சிங்ரென்னின் வாரிசுகள்.

ஒன்றை மட்டும் இந்த அவை விட்டுக்கொடுக்கக் கூடாது: முதல் மணி நேரங்கள். பெரிய இரத்தக்குழாய் அடைத்தால் நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன. இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நேரம் வழக்கமாக நாலரை மணிதான். அந்த நேரத்தில் விரல் நுனிகளில் குத்தி இரத்தம் விடச் சொல்லும் பரப்புரைகள் உயிரைக் குடிக்கும். நினைவிழந்தவர் வாயில் 'ஆன்கோங் நியூஹுவாங்' உருண்டையைத் திணிப்பதும் அப்படியே. விழுங்க முடியாதவருக்கு அது மூச்சுக்குழாயில் போய்ச் சேரும். அதில் பாதரசமும் ஆர்சனிக்கும் சேர்ந்த கனிமங்கள் இருக்கின்றன என்பதையும் மறக்கலாகாது. சீன மருத்துவர்களே இன்று மக்களுக்குக் கற்றுத்தருவது '1-2-0' என்ற எண். ஒன்று, கோணிய முகம். இரண்டு, தொய்ந்த கைகள். சுழியம், குழறும் பேச்சைக் கேள். 120 அந்நாட்டின் ஆம்புலன்ஸ் எண்.

கஷாயத்துக்கும் ஊசிக்கும் உரிய இடம் அதற்குப் பின்னே வரும் நெடிய மாதங்கள். விரல் மடங்காத நோயாளியும், அவரைத் தூக்கி உட்காரவைக்கும் மனைவியும் நம்பிக்கையைத் தேடி நிற்கும் இடம் அது. எனவே இக்கருத்தரங்கின் இரு நாட்களும் இங்கே கட்டுரை படிக்கும் ஒவ்வொருவரிடமும் தலைமை கேட்பது மூன்று செய்திகள்: நோய் தாக்கி எத்தனையாவது நாளில் சிகிச்சை தொடங்கியது, அடைப்பா கசிவா என்பதை எந்தப் படம் உறுதிசெய்தது, ஒப்பிட்ட குழுவுக்கு என்ன கொடுக்கப்பட்டது. இவற்றை முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டுக் கட்டுரையைத் தொடங்குங்கள். முதல் அமர்வு வாங் சிங்ரென்னின் கஷாயம் பற்றியது. கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.