செவிலியர் கல்வியில் விடுபட்ட ஒரு பாடம்

மருத்துவமனையில் நோயாளியின் பெயரைக் கேட்டு எழுதுபவரும், படுக்கையைக் காட்டுபவரும், இரவில் அழைத்தால் வருபவரும் பெரும்பாலும் செவிலியரே. ஆயினும் திருநர் உரிமைப் பாதுகாப்புக்கான 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, திருநரின் உடல்நலத் தேவைகளுக்கேற்ப மருத்துவப் பாடத்திட்டத்தை மறு ஆய்வு செய்யப் பணித்தபோது மருத்துவர்களை மட்டுமே குறிப்பிட்டது. அவ்விடத்தில் செவிலியர் என்ற சொல் இல்லை.

மருத்துவர் கல்வியிலும் மாற்றம் எளிதில் வந்துவிடவில்லை. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இரு பெண்கள் பாதுகாப்புக் கோரிய வழக்கில், பால் விருப்பத்தை 'மாற்றும்' சிகிச்சைக்குத் தடை விதித்தார். 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அதனைத் தொழில் ஒழுக்கக் கேடாக அறிவித்தது. அதே ஆணையத்தின் 2024ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் பெண் ஓரினச்சேர்க்கை மீண்டும் பாலியல் குற்றங்களின் வரிசையில் இடம்பெற்றது. எதிர்ப்பு எழுந்த பின்னரே அது திரும்பப் பெறப்பட்டது.

நிதி ஏற்பாட்டில் முன்னேற்றம் உண்டு. திருநருக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஆயுஷ்மான் பாரத் காப்பீடு வழங்க 2022 ஆகஸ்டில் உடன்பாடு கையெழுத்தாயிற்று. ஆனால், ஆண்கள் பகுதியா, பெண்கள் பகுதியா என்ற கேள்வியிலேயே கூசித் திரும்பிச் செல்பவருக்கு அந்தத் தொகையால் பயனில்லை.

பரிவு மட்டும் போதாது. பாட அறிவும் வேண்டும். அறுவைச் சிகிச்சைக்குப் பின்னரும் திருநங்கையின் உடலில் புரோஸ்டேட் சுரப்பி பொதுவாக எஞ்சியிருக்கும். கருப்பை வாய் அகற்றப்படாத திருநம்பிக்குப் புற்றுநோய்ப் பரிசோதனை தேவை. ஈஸ்ட்ரோஜன் உட்கொள்பவருக்கு இரத்தம் உறையும் அபாயம் கூடுதல் என்பதால், ஒரு காலில் திடீர் வீக்கம் கண்டால் செவிலியர் உடனே மருத்துவருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

புனே விமான நிலையத்தை அடுத்த விமான் நகரில், பல மாநிலங்களிலிருந்து படிப்புக்கும் வேலைக்கும் வந்த இளைஞர் பலர் வாடகை வீடுகளில் வாழ்கின்றனர். அத்தகைய ஒருவர் விபத்தில் சிக்கினால் உடன் வருபவர் தந்தையோ தமையனோ அல்லாமல், உடன் வாழும் ஓரினத் துணைவராக இருக்கக்கூடும். 'நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு?' என்ற கேள்விக்கு வரும் விடையை முகம் சுளிக்காமல் எழுதிக்கொள்வதும் பயிற்சியால் வருவதே. உறவினர் இல்லாதவிடத்து, இறந்தவரின் உடலைத் துணைவர் பெறலாம் என மத்திய சுகாதார அமைச்சகம் 2024 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு எழுதியது. அக்கடிதம் வார்டு மேசை வரை சென்று சேர்ந்தாக வேண்டும்.

இதனை ஒரு மணி நேரச் சொற்பொழிவாக முடித்துவிடுவது வழக்கம். மாறாக, நோயாளியை விசாரித்துக் குறிப்பெழுதும் செய்முறைத் தேர்விலேயே இதற்கு மதிப்பெண் ஒதுக்கலாம். திருநரை உரிய மதிப்பூதியத்துடன் பயிற்றுநராக அழைக்கலாம்.