தம்மையே காயப்படுத்துவோரும் நாமும்
(பங்கின் யூபிலியையொட்டி நடைபெற்ற நோயாளர் தினக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



யூபிலி என்றால் விடுதலை. சிறைப்பட்டோர் விடுதலை பெறும் ஆண்டு அது. நம் வீடுகளிலேயே தம் கைகளுக்குச் சிறைப்பட்டிருப்போர் உண்டு. முகப்பருவையும் புண்ணின் பொருக்கையும் ஓயாமல் நோண்டிப் பிய்ப்பவர்களும், தலைமுடியைப் பிடுங்குகிறவர்களுமே அவர்கள். பெரும்பாலும் வளரிளம் பருவத்தில் இது தொடங்குகிறது.

"கையை எடு!" என்று அதட்டுகிறோம். கெட்ட பழக்கம் என்கிறோம். மந்திரிக்கக் கூட்டிப் போகிறவர்களும் நம்மிடையே உண்டு. ஆனால் இது ஒரு நோய். முடி பிடுங்கும் நோய்க்கு 1889இலேயே பிரெஞ்சு மருத்துவர் அல்லோப்போ பெயரிட்டார். தோலைப் பிய்க்கும் நோயை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் தன் நோய்ப் பட்டியலில் தனியாகச் சேர்த்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனப் பட்டியலிலும் அது இடம்பெற்றுள்ளது.

மனத்தில் இறுக்கம் ஏறும்போது கை தானாகத் தோலைத் தேடுகிறது. பிய்த்ததும் சற்று ஆறுதல். அடுத்த கணமே வெட்கம். அந்த வெட்கமே மீண்டும் இறுக்கமாகிறது. நம் அதட்டல் வெட்கத்தைத்தான் வளர்க்கிறது. தழும்பை மறைக்கக் கோடையிலும் முழுக்கை உடை. கல்யாண வீட்டுக்குப் போவதில்லை. திருப்பலிக்கு வந்தாலும் கடைசித் தூணோரம். புண் சிறிதாயினும் வாழ்வே சுருங்கிப்போகிறது.

மாற்கு நற்செய்தி 5ஆம் அதிகாரத்தில், கல்லறைகளிடையே கற்களால் தம்மையே காயப்படுத்திக்கொண்டு அலைந்த ஒருவரைக் காண்கிறோம். ஊரார் அவரை விலங்கிட்டார்கள், பயனில்லை. ஆண்டவரோ பெயரைக் கேட்டார். குணமாக்கி, வீட்டாரிடம் அனுப்பினார். அவருடைய துன்பம் வேறு, இந்நோய் வேறு. ஆயினும் விலங்கு எவரையும் குணமாக்காது என்பது நமக்கும் பாடம்.

நாம் செய்ய வேண்டியது என்ன? புண்ணுக்குத் தோல் மருத்துவரையும், மனத்துக்கு மனநல மருத்துவரையும் நாடுவோம். கை எழும்போதே அதைக் கவனித்து, சில நிமிடங்கள் விரல்களை இறுக மூடிவைக்கப் பழக்கும் பயிற்சி ஒன்று உண்டு. 1973இல் ஏஸ்ரின், நன் என்னும் அமெரிக்க உளவியலறிஞர்கள் வெளியிட்ட முறை இது. பலருக்குப் பயன் தந்துள்ளது. வேதனை தாளாமல் உடலைக் கீறிக்கொள்வோர் இருந்தால் தாமதம் வேண்டாம். அரசின் 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாகத் தமிழில் பேசலாம். ஜெபிப்போம், மருந்தையும் தடுக்காதிருப்போம்.

விழாவுக்காக ஆலயத்திற்கு வர்ணம் பூசினோம். கடைசித் தூணோரம் நிற்பவரைப் பெயர் சொல்லி அழைத்து, தழும்பைப் பாராமல் முகத்தைப் பார்த்துப் பேசுவோமாக. அவருக்கும் யூபிலி வரட்டும்.