பெசன்ட் நகருக்கு வரலாறு இல்லையாம்!

வாக்கிங் ஷூவைக்கூடக் கழற்றாமல் நேராகக் கூட்டத்துக்கு வந்துவிட்ட பெரியோர்களே, ஊரூர் குப்பத்திலிருந்து வந்து பின்னால் நின்றுகொண்டிருக்கும் என் சொந்தங்களே! முன்வரிசை காலியாகத்தானே இருக்கிறது? வாங்கண்ணே, வந்து உட்காருங்க.

போன வாரம் பக்கத்துப் பேட்டையில் ஒரு கூட்டம். எந்தப் பேட்டை என்று சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். அங்கே மைக்கைப் பிடித்த ஒரு மகானுபாவர் பேசியிருக்கிறார்: "பெசன்ட் நகருக்கு ஏதுங்க வரலாறு? ஹவுசிங் போர்டு மனை போட்டுக் கொடுத்த ஊரு. ஐஸ்கிரீமும் அடுக்குமாடியும்தான் அவங்க வரலாறு." கை தட்டாதீர்கள், நம்மைத்தான் திட்டியிருக்கிறார்!

ஹவுசிங் போர்டு மனை போட்டது உண்மைதான் ஐயா. அன்றைக்கு, "வெறும் மணலாக் கிடக்கு, அங்கே எவன் போவான்?" என்று முகம் சுளித்தவர்கள் எத்தனை பேர்! இன்றைக்கு அதே மனையை விலை கேட்டால் நாக்கு வறண்டுபோகிறது. கோடி என்கிறார்கள். எத்தனை கோடி என்று நான் கேட்பதில்லை, எனக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது.

வரலாறு இல்லையா? 1882-ல் பிரம்மஞான சபை அடையாற்றங்கரைக்கு வந்து சேர்ந்தது. அதை நிறுவியவர்களில் ஒருவரான கர்னல் ஆல்காட், 1894-லேயே தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. அன்னி பெசன்ட் அம்மையார் லண்டனில் பிறந்தவர். நமக்காக ஹோம் ரூல் கேட்டார். 1917-ல் அவரை ஊட்டியில் காவலில் வைத்தது வெள்ளைக்கார சர்க்கார். அதே வருஷக் கடைசியில் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார்! அவர் பேரைத்தான் நம் வீட்டு முகவரியில் தினமும் எழுதுகிறோம். 1936-ல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்ரா கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இத்தனையும் வைத்துக்கொண்டு வரலாறு இல்லாத ஊராம் நாம்!

இதையெல்லாம் விடுங்கள். கடற்கரைக்கு வாருங்கள். வெள்ளை வெளேரென்று ஒரு வளைவு நிற்கிறதே, ஷ்மிட் நினைவகம், அதன் நிழலில் உட்கார்ந்து சுண்டல் தின்னாதவர் யாராவது உண்டா? அங்கே கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தவர்கள் கை தூக்குங்கள். நாலு கை. தூக்குகிற நாலு பேரும் பத்தாங்கிளாஸ் பிள்ளைகள். சபாஷ்!

1930, டிசம்பர் 30. ஷ்மிட் என்ற மனிதர், டென்மார்க்காரர் என்பார்கள், கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய்த் தானே மூழ்கிப்போனார். ஒரு கதை உலவுகிறது. காப்பாற்றப்பட்ட பெண் அன்றிரவே ஒரு விருந்தில் சிரித்து ஆடிக்கொண்டிருந்தாளாம். யாரோ ஒருவர் உனக்காகச் செத்தாரே என்று கேட்டால், அப்படியா என்றாளாம். கேள்விப்பட்ட கவர்னருக்குப் பொறுக்கவில்லை. கட்டு நினைவகத்தை என்றாராம். நிஜமோ, கட்டுக்கதையோ, எனக்கு அந்தப் பெண்மீது கோபம் வருகிறது. அப்புறம் யோசித்தால் நம்மீதே வருகிறது. அந்தச் சுவர் முழுக்க எத்தனை வருஷம் கரியால் காதலர் பெயர்கள்! உயிரைக் கொடுத்தவன் பெயரைப் படிக்க ஆள் இல்லை, ரமேஷ் யாரைக் காதலித்தான் என்பது ஊருக்கே தெரியும்.

ஷ்மிட்டுக்காவது வளைவு இருக்கிறது. நம் குப்பத்தில் ஒருவர் இருக்கிறார். பேர் சொல்ல மாட்டேன், சொன்னால் நாளைக்கு என்னைக் கரைப்பக்கம் விடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம் வீட்டு விருந்தாளிப் பையன்கள் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு அலையில் இறங்குவார்கள். இவர் வலைக்கண்ணைப் பின்னிக்கொண்டே ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார். இந்தக் கரையில் வாடை மாதங்களில் தண்ணீர் வடக்கிலிருந்து தெற்கே இழுக்கும், கோடையில் தெற்கிலிருந்து வடக்கே இழுக்கும். அலை உடையாத இடம் அமைதியாகத் தெரியும், அங்கேதான் உள்ளே வாங்கும். பையன் நெஞ்சளவுக்குப் போனதும் ஊசியைக் கீழே வைத்துவிடுவார். "இத்தினி பேரை இழுத்துப் போட்டிருக்கியே, எண்ணி வச்சிருக்கியாண்ணே?" என்று கேட்டேன். "செத்தவனைத்தான் எண்ணுவாங்க" என்றார்.

தட்டுங்கள், இதற்குத் தட்டுங்கள்!

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? ஆங், நம் ஊரின் சிறப்புகள். 1972-ல் தொடங்கிய வேளாங்கண்ணி மாதா கோயில். ஆகஸ்ட் 29 கொடியேறிவிட்டால் காவி கட்டிக்கொண்டு, பெரம்பூரிலிருந்தும் ராயபுரத்திலிருந்தும் கால்நடையாகவே வருகிறார்கள். லட்சம் பேர் என்கிறார்கள், எண்ணிப் பார்க்க 29சி பஸ்ஸில் நிற்க இடம் கிடைத்தால்தானே! அந்தப் பக்கம் 1976-ல் குடமுழுக்கு கண்ட அஷ்டலட்சுமி கோயில், அலைச்சத்தத்துக்கு எதிரே. எட்டு லட்சுமியையும் படியேறிப் பார்த்துவிட்டு இறங்கினால் ஒன்பதாவதாக மிளகாய் பஜ்ஜி! அடையாற்று முகத்துவாரத்தில் உடைந்த பாலம். மீனவர்கள் அக்கரை போகக் கட்டியது. 1977 வெள்ளத்தில் முறிந்தது முறிந்ததுதான். சினிமாக்காரர்கள் அங்கே சண்டைக்காட்சி எடுத்தார்கள், மறுபடி கட்ட எவருக்கும் மனம் வரவில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

பங்குனி ஆமையை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1988 முதல் மாணவர்கள் ராத்திரி முழுக்க இந்தக் கரையில் நடந்து, முட்டைகளை எடுத்துப் பாதுகாத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். குஞ்சு வெளிச்சம் பார்த்துப் போகும். கடலில் நிலா வெளிச்சம் இருக்க, நம் நாலாவது மாடி பால்கனி லைட்டைப் பார்த்துத் திரும்பி ரோட்டுக்கு வருகிறது ஐயா!

இப்போது அந்த வெளிச்சக்காரர்கள் சிலர் மனு எழுதியிருக்கிறார்களாம். மீன்வாடை அடிக்கிறதாம், குப்பத்து மீன்கடையை அகற்ற வேண்டுமாம். மத்தியானம் வஞ்சிர வறுவல் மட்டும் தட்டில் வேண்டும்! நேற்று வந்த நாம், தலைமுறை தலைமுறையாக வலை உலர்த்துகிறவனைப் பார்த்து "தள்ளி நில்" என்பதா? 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமி அலை முதலில் புகுந்தது யார் வீட்டில்? நம் வீட்டிலா?

மணி அடித்துவிட்டார்கள். அடிக்கட்டும். ஷ்மிட் வளைவுக்குப் பக்கத்தில், இந்தக் கரையில் உயிர்காத்த குப்பத்து மக்களுக்கும் ஒரு கல்வெட்டு வேண்டும். மாநகராட்சிக்கு மனு தயார், இதோ என் சட்டைப்பையிலேயே இருக்கிறது. மீன்வாடை மனுவுக்கு எத்தனை கையெழுத்து விழுந்ததோ, அதைவிட ஒன்று கூடுதலாக விழ வேண்டும். முதல் கையெழுத்து என்னுடையது. செயலாளர் அவர்களே, பேனாவைக் கொடுங்கள்!